‘கிடைத்தது’ என்று அழுத்திய விரல்

வாருங்கள். வந்து இந்த வேனின் கதவருகே நின்று பாருங்கள். இங்கே கத்தி காட்டப்படவில்லை, பூட்டு உடைக்கப்படவில்லை, ஒரு குரல்கூட உயரவில்லை. ஆனாலும் கைம்பெண் ஒருத்தியின் கைப்பணம் பட்டப்பகலில் பறிபோனது. பறித்தவனுக்கு முகமில்லை, முகவரியில்லை. பறித்ததை அவன் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளவும் இல்லை. அது எங்கே போயிற்று, யார் கையில் விழுந்தது என்று கேட்க எந்த நீதிமன்றமும் கூடப்போவதில்லை. ஆகவே சாட்சிகளாக உங்களை அழைக்க நேர்கிறது.

குதிரைகள் மேயும் மலைநாடொன்றின் காரகோல் நகரத்து வேன் நிறுத்தம். பெரிய ஏரியின் தென்கரை ஊர்களுக்குச் செல்லும் வேன்கள் இங்கே வரிசையாக நிற்கும். இருக்கைகள் நிரம்பினால் புறப்படும். நிரம்பாவிட்டால் காத்துக் கிடக்கும். அந்தக் காத்திருப்புதான் ஓட்டுநரின் நஞ்சு. கை சும்மா இருக்கிறது. கையில் கைபேசி இருக்கிறது. கைபேசிக்குள் எப்போதும் எங்கோ ஒரு கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருக்கிறது. எசென்பெக் என்ற ஓட்டுநர் பந்தயம் கட்டப் பழகியது அப்படித்தான். போட்டது போயிற்று, போனதைப் பிடிக்கப் போட்டதும் போயிற்று, வேனின் உரிமைப் பத்திரம் அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவன் கெட்டவன் அல்லன். கெட்டவன் கெட்ட கதையால் எவரும் எதையும் கற்பதில்லை. தாய் தந்தையரைச் சிறுவயதிலேயே இழந்த அவனை அண்ணன் தாயிர்பெக் வளர்த்தான் என்று ஊர் சொல்லும். ஊர் எப்போதும் ஆணின் பெயரைத்தான் சொல்லும். உண்மையில் வளர்த்தவள் அண்ணனின் மனைவி. அவன் பள்ளிக்குப் போட்டுச் சென்ற கம்பளிக் காலுறை அவள் பின்னியது. அவனுக்கு அம்மை கண்டபோது அடுப்பருகே விழித்திருந்தவள் அவள். ‘அண்ணி’ என்றே அவன் அழைத்தான். அக்கம்பக்கத்தார் ‘தாயிர்பெக் வீட்டுக்காரி’ என்றார்கள். பிறந்த வீட்டார் ‘கென்ஜே’, அதாவது கடைக்குட்டி, என்றார்கள். ஊராரில் எவருடைய நாவும் அதற்குமேல் போனதில்லை. எசென்பெக்கின் கைபேசியிலும் அவள் ‘அண்ணி’யாகத்தான் இருந்தாள். இருபது ஆண்டுகள் அவள் சுட்ட ரொட்டியைத் தின்றவன், அவளுக்கு வேறொரு பெயர் இருக்கக்கூடும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இந்தக் குற்றத்தில் அவன் தனியன் அல்லன் என்பதை இப்போதைக்கு மனத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடந்த இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த தாயிர்பெக், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. அன்று அண்ணியின் தலையில் ஏறியது கறுப்பு முக்காடு. ஓராண்டு நிறைந்ததும் சுற்றத்தைக் கூட்டிக் குதிரை ஒன்றை அறுத்து விருந்து வைக்க வேண்டும். அந்த விருந்தில்தான் உறவுப் பெண்கள் கறுப்பை அவிழ்த்து வெள்ளை முக்காட்டை அணிவிப்பார்கள். அதுவரை எந்தக் கல்யாணத்திலும் அவளுக்கு இடமில்லை. சற்று உரக்கச் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். குதிரை இல்லாமல் ஒருத்தியின் துக்கம் முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் சுதந்திரம் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு பசுமாடும், தோட்டத்தில் சில ஆப்ரிகாட் மரங்களும், கல்லறை முன்னால் கொழுந்தன் கொடுத்த வாக்குறுதியும். “குதிரை என் பொறுப்பு அண்ணி,” என்று சொல்லியிருந்தான் எசென்பெக்.

கோடையில் ஒருநாள் அவன் தோசோர் ஊரிலிருந்த அண்ணி வீட்டு வாசலிலிருந்தே கூவினான்.

“சுயுஞ்சு, அண்ணி, சுயுஞ்சு.”

நல்ல செய்தி கொண்டுவருபவன் முதலில் அந்தச் சொல்லைத்தான் சொல்வான். கேட்பவர் அவன் கையில் ஒரு பரிசை வைத்த பிறகே செய்தி வாயைவிட்டு வெளிவரும்.

அண்ணி தகரக் கூரையில் ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து வெயிலில் பரப்பிவிட்டு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். “மொதல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. என்னடா, பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?”

“அதவிடப் பெருசு.”

“அப்போ இஞ்சின் மாத்திட்டே. போன வாரம் உன் வண்டி மேடு ஏறுறதப் பாத்து ரோட்டுல போன ஆடுங்களே பரிதாபப்பட்டுச்சு.”

“சுயுஞ்சு குடுத்தாத்தான் சொல்லுவேன்.”

அவள் உலர்ந்த ஆப்ரிகாட்டை ஒரு பிடி அள்ளி அவன் கையில் திணித்தாள். “இந்தா. சொல்லித் தொல.”

அவன் கைபேசியை நீட்டினான். “பன்னண்டாயிரம் சோம். ஆட்டத்துல ஜெயிச்சேன். வெளிய எடுக்கணும்னு அமுக்கினேன். டீ ஆறுறதுக்குள்ள கார்டுல வந்து விழுந்துடுச்சு.”

அண்ணி முக்காட்டு நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு திரையைக் கூர்ந்து பார்த்தாள். “யாரு அனுப்பினது?”

“அந்தத் தளம்தான்.”

“இங்க ஏதோ ஆள் பேரு போட்டிருக்கே.”

“அது அவங்க ஏஜென்ட்டா இருக்கும். யார் பேரு வந்தா நமக்கென்ன, காசு வந்துச்சுல்ல.”

“எல்லாருக்கும் இப்படி லேசா வந்துடுமா?”

“ஜெயிக்கிறது ஒண்ணும் பெருசில்ல அண்ணி. ஜெயிச்சத வெளிய எடுக்கிறதுலதான் சூட்சுமம். அந்த வழி எனக்கு அத்துப்படி.”

வழி தெரிந்தவன்போல அவன் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அடகுக் கடைப் பத்திரத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. தோற்றவன் ஊமையாகிவிடுகிறான், வென்றவன் மட்டும் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்கிறான். சூதாட்டம் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். காசு வாங்காமல் அதற்கு ஊழியம் செய்பவன் இவனைப் போன்ற சிறு வெற்றியாளன்தான்.

“மாடு வித்த காசு எழுபதாயிரம் என்கிட்ட இருக்கு,” என்றாள் அண்ணி, தேநீரை ஊற்றியபடி. “அத வெச்சுப் பாதிக் குதிரதான் வாங்கலாம். பாதிக் குதிரைய எங்கேருந்துடா அறுக்கிறது?”

“மீதிப் பாதிய நான் ஓட்டிட்டு வரேன். இன்னும் கொஞ்சம் சேரட்டும்.”

அவள் சிரித்தாள், உடனே தெருப்பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பெரிய வெற்றி வந்தது. தோற்கும் என்று உலகமே சொன்ன அணியின் மேல் எசென்பெக் பணம் கட்டியிருந்தான். கடைசி நிமிடத்தில் அது இரண்டு கோல்கள் போட்டது. திரையில் இரண்டு லட்சம் சோம் ஒளிர்ந்தது. ஒரு நல்ல குதிரை, கூடவே அடகுப் பத்திரத்தின் பெரும்பகுதி. அவன் ‘பணம் எடு’ என்பதை அழுத்தினான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றது திரை. ஒருநாள் போயிற்று. மறுநாளும் பரிசீலனையிலேயே இருந்தது.

நிறுத்தத்தின் ஓரத்தில் குளிர்ந்த மாவுக்கூழ்த் துண்டுகளும் நூடுல்சும் போட்ட காரச் சாற்றைக் கிண்ணங்களில் விற்கும் அக்கா ஒருத்தி உண்டு. அவள் வண்டியருகே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான் ரிஸ்பெக். நிறுத்தத்திலேயே மூத்த ஓட்டுநர், இந்த வித்தையில் தன்னை விற்பன்னனாக நினைத்துக்கொள்பவன்.

“வரலியா? வராதுடா தம்பி.”

“போன தடவ உடனே வந்துச்சே அண்ணே.”

“போன தடவ வந்தது புழு. இப்ப நீ கேக்கிறது மீனு.”

“அப்போ என்னதான் பண்றது?”

“மொத்தமாக் கேக்காத, முழிச்சுக்குவான். பிச்சுப் பிச்சுக் கேளு. அதுக்கு முன்னால ஆளச் சேரு. உனக்குன்னு ஒரு அழைப்பு லிங்க் குடுத்திருப்பான் பாரு, அத எல்லாருக்கும் தட்டி விடு. உன் பேரச் சொல்லி எத்தன பேரு உள்ள வராங்களோ, அத்தன வேகமா உனக்கு வெளிய வரும்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

ரிஸ்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “தளம் உனக்குப் பணம் அனுப்பும்னா நெனச்சே? அதுகிட்டப் பணமே கெடையாதுடா. புதுசாப் போட வர்றவன்கிட்ட உன் நம்பரக் காட்டி, ‘இந்த ஆளுக்கு அனுப்பு’ன்னு சொல்லும். அவன் அனுப்புவான். உனக்கு வந்ததும் ‘கிடைத்தது’ன்னு ஒரு பட்டன் வரும், அமுக்கு. நீ அமுக்கினப்புறம்தான் அவன் கணக்குல ஆடுறதுக்குப் பணம் ஏறும். நீ சேத்துவிட்டவன் போடுறது மொதல்ல உனக்குத்தான் திரும்பும். அதான் சங்கதி. யாருக்கும் நஷ்டமில்ல.”

“தோக்கிறவனுக்கு?”

“தோக்கிறவன் வேற ஊர்க்காரன்டா. எப்பவும் வேற ஊர்க்காரன்தான்.”

“இம்புட்டு வித்த தெரியுது,” என்றாள் சாறு விற்பவள், கரண்டியை ஆட்டியபடி. “போன வாரம் தின்ன கிண்ணத்துக்குக் காசு குடுக்கிற வித்தை மட்டும் தெரியல.”

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். எசென்பெக்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் கைபேசியில் இருந்த பெயர்கள் அனைத்தையும் ஒரே தட்டலில் தேர்ந்தெடுத்தான்: பழைய பள்ளித் தோழர்கள், டயர் கடைக்காரர், கால்நடை மருத்துவர், பாதி முகம்கூட நினைவில்லாத பயணிகள். ‘நான் எடுத்தேன், நீங்களும் எடுக்கலாம்’ என்று ஒரு வரி எழுதி, கீழே அழைப்பை ஒட்டி அனுப்பினான். அப்போது வேன் நிரம்பிவிட்டது. அவன் வண்டியைக் கிளப்பினான், அனுப்பியதை மறந்தான்.

நான்கு நாட்களில் பணம் வரத் தொடங்கியது. எத்தனை வழவழப்பாக வந்தது தெரியுமா? இன்றைக்கு ஒரு துண்டு, நாளைக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் அனுப்பியவரின் பெயரும் தந்தை பெயரின் முதல் எழுத்தும். அதில் இல்யாஸ் இருந்தான், மெதெர்பெக் இருந்தான். ஒவ்வொன்றுக்கும் ‘கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்று இரண்டு பொத்தான்கள். பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வரும். எசென்பெக் ‘கிடைத்தது’ என்று அழுத்தினான், அழுத்தினான், அழுத்திக்கொண்டே போனான்.

பிறகு பெரிய துண்டாக எழுபதாயிரம் வந்தது. அனுப்பியவர்: செயில்கான் டி.

அவன் விரல் நின்றது. அதுவரை வந்தவை எல்லாம் ஆண் பெயர்கள். “யாரோ அக்கா போலிருக்கு அண்ணே. பெரிய தொகையா இருக்கே.”

“பேரப் பாக்காத,” என்றான் ரிஸ்பெக். “பேரப் பாத்தா பாவம் வரும், பாவம் வந்தா நேரம் போயிடும். அமுக்கலேன்னு வெச்சுக்க, தகராறுன்னு சொல்லி உன் மீதிப் பணத்தையும் முடக்கிடுவான்.”

இங்கே சற்று நில்லுங்கள். அந்த நொடியில் அந்தப் பணம் இன்னும் பறிபோகவில்லை. அனுப்பியவளின் வங்கியிலிருந்து வெளியேறி, எசென்பெக்கின் வங்கிக்குள் பத்திரமாக வந்து உட்கார்ந்திருந்தது. சூதாட்டப் பலகையில் அது ஏறுவதற்கு அவனுடைய ஒரு விரல் தேவைப்பட்டது. வாசலில் நின்ற ஒரு பெண்ணை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும் வேலையை அந்தத் தளம் அவனிடம் ஒப்படைத்திருந்தது. யார் இந்தச் செயில்கான், எதற்காக இவ்வளவு பணம் போடுகிறாள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கும் ஆவல் அவனுக்குள் எழவும் செய்தது. எழுந்ததை அவன் தன் மீதிப் பணத்தின் கீழே போட்டு அமுக்கினான்.

‘கிடைத்தது.’

இரண்டு லட்சமும் கைக்கு வந்து சேர்ந்தபோது வாரத்தின் நடுப்பகுதி. காரகோலில் கால்நடைச் சந்தை ஞாயிறு காலையில்தான் கூடும். குதிரை வாங்க ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பு அவனை என்ன செய்யும் என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். குதிரை வாங்கினால் பத்திரம் மீளாது, பத்திரத்தை மீட்டால் இஞ்சின் மாறாது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வென்றால் மூன்றும் நடக்கும் என்று கணக்குப் போட்டான். வியாழக்கிழமை பாதியைப் போட்டான். அது போனதும் போனதை மீட்க மீதியைப் போட்டான். அவன் அனுப்பிய பணம் அவனறியாத பெயர்களுக்குப் போயிற்று. அந்தப் பெயர்களுக்குரிய யாரோ தங்கள் ஊர்களில் அமர்ந்து ‘கிடைத்தது’ என்று அழுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் குதிரைகள் கனைத்தபோது எசென்பெக் போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான்.

செப்டம்பர் பிறந்தது. ஒருநாள் முற்பகலில், வேன் பாதி நிரம்பியிருந்த நேரம், அண்ணி கதவருகே வந்து நின்றாள். பேருந்துப் புழுதி படிந்த கறுப்பு முக்காடு. ஆனால் முகத்தில் ஓராண்டாகக் காணாத ஒரு வெளிச்சம்.

“சுயுஞ்சு குடு,” என்றாள்.

எசென்பெக் வண்டியிலிருந்து இறங்கினான். “என்ன அண்ணி, இவ்ளோ தூரம்?”

“மொதல்ல குடு. நான் அன்னைக்கு ஒரு பிடி ஆப்ரிகாட் குடுத்தேன்ல.”

அவன் சட்டைப்பையைத் துழாவி ஒரு சூயிங்கம் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

“கஞ்சப் பய,” என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். “குதிர அமைஞ்சிடுச்சுடா. பார்ஸ்கோன்ல ஒருத்தரு, உங்கண்ணனோட பட்டாளத்துல இருந்தவராம். அவர் பேரச் சொன்னதும் பாதி விலைக்கே தரேன்னுட்டாரு. மாட்டுக் காசோட இந்த வருஷத்து ஆப்ரிகாட் காசையும் போட்டா சரியாப் போச்சு. நீ ஒண்ணும் தர வேணாம்.”

அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாறை நகர்ந்தது. “ரொம்ப நல்லது அண்ணி. எப்பக் குடுக்கணும் அவருக்கு?”

“இன்னைக்கே. அதான் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எத?”

“மாட்டுக் காச. உன்கிட்டதானே இருக்கு.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் விளையாடவில்லை.

“என்கிட்டயா?”

“பின்ன?” அவள் தன் பழைய கைபேசியை எடுத்து, எண்ணெய் படிந்த விரலால் தேடித் தேடி ஒரு பக்கத்தைத் திறந்தாள். “நீதானே அந்த அழைப்ப அனுப்பின. ‘நான் எடுத்தேன், நீங்களும் எடுக்கலாம்’னு. ரெண்டு நாளு யோசிச்சேன். பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் தொட்டேன். ‘இவருக்குப் பணம் அனுப்பவும்’னு ஒரு பேரு வந்துச்சு பாரு. எசென்பெக் ஜ. உன் நம்பரு. நீ சொன்னியே, பேரு வந்தா அது ஏஜென்ட்டுன்னு. நம்ம வீட்டுப் புள்ளதான் ஏஜென்ட்டா, அப்போ பயமில்லன்னு இருந்ததை அப்படியே அனுப்பிட்டேன்.”

எசென்பெக் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“அப்புறம் அதுல என்னென்னமோ சுத்துச்சு, மின்னுச்சு,” என்று அவள் தொடர்ந்தாள். “நானும் தட்டிப் பாத்தேன். கடைசீல சைபர்னு காட்டுச்சு. அது சும்மா வெளையாட்டுன்னு விட்டுட்டேன். காசுதான் உன் கையில இருக்கே.”

“அண்ணி,” என்றான். “உங்க பேரு… செயில்கானா?”

“இது என்னடா கேள்வி? பாஸ்போர்ட்ல அதுதான். எங்கப்பா வெச்சது.” அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். “உங்கண்ணன் ஒருத்தருதான் அப்படிக் கூப்பிடுவாரு. வீட்டுக்குள்ள, யாரும் இல்லாதப்ப. அவர் போனதுக்கப்புறம் யாரும் கூப்பிடல.”

அண்ணன் ஒருவனே அழைத்த பெயர், தம்பியின் திரையில் வந்து நின்றிருந்தது. நொடிகள் குறைந்துகொண்டிருந்தபோது அது அவனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தது. அவன் அதை அடையாளம் காணவில்லை.

அவள் முகத்து வெளிச்சம் மெல்ல இறங்கியது. “செலவாயிடுச்சா?”

“ஆமா அண்ணி.”

“அவசரமா ஏதாவதா? வண்டிக்கா?”

அவன் தன் கைபேசியைக் குனிந்து பார்த்தான். வேறு பதில் தேவைப்படவில்லை.

“திரும்பவும் அதுலயேவா போட்டே?”

“ஆமா.”

“அப்போ இப்ப அது யார்கிட்ட இருக்கு?”

“தெரியல அண்ணி. யாரோ. வேற ஊர்க்காரங்க.”

அவள் ஏரிப்பக்கம் போகும் சாலையைப் பார்த்தாள். “அவங்களுக்கு நானும் வேற ஊர்க்காரிதான்,” என்றாள்.

வசைபாடவில்லை, அழவில்லை. சூயிங்கம் பொட்டலத்தை அவன் கையில் திரும்ப வைத்தாள். நல்ல செய்தி பொய்த்துப் போனால் பரிசைத் திருப்பிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறகு வரிசையில் அடுத்து நின்ற வேனில் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

எசென்பெக் தளத்துக்கு எழுதினான். ‘உங்கள் பரிமாற்றம் வெற்றிகரமாக முடிந்தது’ என்று ஒரு இயந்திரம் பதில் சொன்னது. உண்மைதான், எல்லாமே வெற்றிகரமாக முடிந்திருந்தது. வேனை விற்கலாம் என்று எண்ணினால் பத்திரம் அடகில் இருந்தது. ரிஸ்பெக்கிடம் போய் நின்றான். “வேற ஊர்க்காரன்னு சொன்னியே அண்ணே,” என்றான். ரிஸ்பெக் கிண்ணத்திலிருந்து தலைநிமிரவில்லை. “என் லிங்க்ல என் மச்சான் இருக்கான்,” என்றான் கடைசியில், தாழ்ந்த குரலில். “நானும்தான் அமுக்கினேன். அதுக்காக ஊரக் கூட்டி ஒப்பாரி வெக்கவா?”

ஓராண்டு நிறைந்தது. விருந்து நடக்கவில்லை. குதிரை தோதாக அமையவில்லை, வசந்தத்தில் பார்க்கலாம் என்று அண்ணி சுற்றத்தாரிடம் சொன்னாள். கணவன் சேர்த்ததை அமுக்கிக்கொண்டாள் என்று சுற்றம் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னது. உண்மையை எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்வதாக எசென்பெக் ஒருநாள் அவள் வாசலில் போய் நின்றான்.

“வேணாம்,” என்றாள். “உங்கண்ணனுக்குத்தான் அசிங்கம்.”

“மாசா மாசம் குடுத்துடறேன் அண்ணி.”

“குடு.”

“அண்ணி, உங்கள இனிமே…” என்று தொடங்கினான். பெயர் சொல்லி அழைக்கட்டுமா என்று கேட்கத்தான் நினைத்தான். அது எத்தனை கேவலமான ஈடு என்பது பாதியிலேயே விளங்கிவிட்டது. அவள் கதவைச் சாத்தவில்லை. ஆனால் தேநீர் குடிக்க உள்ளே வா என்றும் சொல்லவில்லை. வெள்ளை முக்காடு அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

பனி விழத் தொடங்கிய பிறகு ஒருநாள் தோசோர் நிறுத்தத்தில் அவள் அவன் வேனில் ஏறினாள். வேறு வேன் வரவில்லை போலும். முன்னிருக்கை காலியாகத்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகள் அவளுக்கென்றே இருந்த இருக்கை அது. அவள் கடைசி வரிசைக்குப் போய் அமர்ந்தாள். வண்டி நகர்ந்ததும் பயணிகள் வழக்கம்போலக் கட்டணத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு முன்னோக்கிக் கடத்தினார்கள். அவன் வண்டியில் அவள் ஒருநாளும் கட்டணம் கொடுத்ததில்லை, அவனும் வாங்கியதில்லை. அன்று நூறு சோம் தாள் ஒன்று பின்வரிசையிலிருந்து கிளம்பி, ஒரு கிழவரின் கையுறை, ஒரு மாணவியின் விரல்கள், ஒரு சிப்பாயின் உள்ளங்கை என்று அறியாத கைகள் வழியாக வந்து அவன் தோளைத் தொட்டது.

“ஒரு ஆளுக்கு, கடைசி சீட்டு,” என்றான் சிப்பாய்.

எசென்பெக் கண்ணாடியில் பார்த்தான். கறுப்பு முக்காடு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. யார் யார் கைகளையோ கடந்து வந்த அந்தத் தாள் யாருடையது என்று இந்த முறை அவனுக்குத் தெரிந்திருந்தது. வாங்காமல் திருப்பி அனுப்பினால் வேனே கேட்கும், ஏன் என்று. அவன் வாங்கிக்கொண்டான்.

சாட்சிகளே, நீங்கள் பார்த்துவிட்டீர்கள். வென்ற பணத்தைத் தடையில்லாமல் வெளியே எடுப்பது எப்படி என்று உங்கள் தெருவிலும் ஒரு ரிஸ்பெக் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனை நடுவில் நிறுத்தி, அந்தப் பணம் யாருடையது என்று எல்லோர் காதும் கேட்கக் கேளுங்கள். உங்கள் கைபேசியை எடுங்கள். அந்த அழைப்பை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் இன்றே போய் நின்று, நீங்கள் வென்றதைச் சொன்ன அதே வாயால் தோற்றதையும் சொல்லுங்கள். ‘கிடைத்தது’ என்ற பொத்தானுக்கு முன்னால் உங்கள் விரல் நிற்கிறதென்றால், எடுங்கள் அந்த விரலை. அதற்குமுன் இன்னொன்று செய்யுங்கள். உங்களுக்குச் சோறு போட்டு வளர்த்தவளிடம் போய், அவள் முழுப் பெயர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.